கோயிலாழ்வாரில் ஒரு சுரங்கக் கல்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி துவாக்குடி வரை, அப்பா அந்தக் கல்லை மடியை விட்டு இறக்கவே இல்லை. பட்டுத் துணி, அதற்குள் வெள்ளிக் கிண்ணம், கிண்ணத்துக்குள் கல். பக்கத்தில் நான், கையில் அம்மா கொடுத்தனுப்பிய தட்டை டப்பாவோடு. டவுன் பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அப்பா கிண்ணத்தை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"அப்பா, கொஞ்சம் தள்ளி வச்சுக்கோயேன்."

"எங்கே தள்ளி வைக்கறது? சீட்டுலயா? யார் யாரோ உட்கார்ற சீட்டு."

அந்தக் கல்லில் கதிர்வீச்சு இருக்கிறதா என்று பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தோம். அதைப் பெருமாள் வடிவமான சாளக்கிராமம் என்று நம்பி அப்பா ஒரு மாதமாகத் தினமும் திருமஞ்சனம் செய்திருந்தார். அந்த நீரைத் தீர்த்தமென்று, பேறுகாலத்துக்கு வந்திருந்த அக்காவின் உள்ளங்கையில் ஊற்றியிருந்தார். அக்காவுக்குப் போன தடவை வயிற்றில் தங்கவில்லை. இந்தத் தடவை ஏழாம் மாதம் தாண்டியிருந்தது. அதனால் அந்த பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது மேலே எழுதியது மட்டும்தான்.

கல்லைக் கொண்டுவந்தவள் நான்.

ஆள் இல்லாமல் விட்டுப்போன இடங்கள் என்றால் எனக்கு ஒரு கிறுக்கு. கூரை போன அரிசி மில், தண்டவாளம் மட்டும் மிச்சமிருக்கிற சரக்கு நிலையம், செங்கல் சூளை. வாரம் முழுக்க லேப்டாப்பில், யாரோ எழுதிவைத்த ப்ரோகிராம் கோடில் தப்புத் தேடுகிற வேலை. சனிக்கிழமை வந்தால் கால் தரையில் நிற்காது. கூட வருகிறவள் உறையூர்க்காரி, கல்லூரியில் பக்கத்து பெஞ்ச். ஸ்கூட்டர் அவளுடையது, கேமரா என்னுடையது. ஓட்டுவது அவள் என்பதால் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். சென்னை ரோட்டில் போனால் சமயபுரத்தில் இறங்கி ஆத்தாவைப் பார்க்காமல் வண்டி தாண்டாது. எனக்கும் அது வசதி. வீட்டில் சமயபுரம் போய்வருகிறேன் என்றால் மேற்கொண்டு கேள்வி வராது.

அன்றைக்கும் அப்படித்தான் குங்குமப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு மேலே போனோம். நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே பிரிகிற ரோடு. சோளக்காடு, பருத்திக்காடு, அதற்கப்புறம் புல்கூட யோசித்து முளைக்கிற வறட்டு மேடு. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் அந்த இடம் கடல். அங்கே மண்ணுக்குள் பாஸ்பேட் உருண்டைகள் கிடக்கின்றன. உரத்துக்காக ஒரு காலத்தில் குழி வெட்டி எடுத்தார்கள். நாங்கள் போன சுரங்கம் எப்போதோ மூடிக் கிடந்தது. யார் நடத்தினார்கள் என்பதே தெரியவில்லை. போர்டு நின்றது, பெயர் உரிந்துபோயிருந்தது.

எனக்கோ புதையல் கிடைத்த மாதிரி. கல் உடைக்கிற ஷெட் அப்படியே இருந்தது. துருப்பிடித்த பெரிய புனல் போன்ற இரும்புத் தொட்டி, நாக்கைத் தொங்கப் போட்ட மாதிரி கிழிந்த பெல்ட், தரையெல்லாம் மாவு போல மஞ்சள் தூள். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கியது. தூசி பறந்தால் அந்தக் கம்பிகள் படத்தில் இன்னும் நன்றாகத் தெரியும் என்று, நானே காலால் தூளை உதைத்துக் கிளப்பினேன்.

"ஏண்டி, மூச்சு முட்டுது," என்றாள் உறையூர்க்காரி.

"கொஞ்ச நேரம் மூச்சு விடாதே. படம் எடுத்துக்கறேன்."

"நல்லா இருக்குடி உன் ஃப்ரெண்ட்ஷிப்."

ஷெட்டுக்குப் பின்னால் மேட்டின் அடியில் ஒரு சுரங்க வாய் இருந்தது. பாதி இடிந்து, ஆள் குனிந்து போகும் அளவுக்குத் திறந்திருந்தது. நான் போனில் டார்ச்சைப் போட்டேன்.

"நீ உள்ள போ. நான் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டே இருக்கேன்."

"வாசல் வரைக்கும்தாண்டி."

"வாசல்ல பன்னீர் தெளிக்கவா ஆள் நிக்குது? வெளிய வா."

வாசலைத் தாண்டியும் கொஞ்சம் போனேன். உள்ளே காற்று அசையாமல், ஈரமாக, ரொம்ப நாள் மூடிவைத்த பாத்திரத்தைத் திறந்த வாசனையோடு இருந்தது. படம் ஒன்றும் சரியாக வரவில்லை. திரும்பிவிட்டேன்.

வெளியே குவித்துப்போட்டிருந்த கல் மேட்டில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். தண்ணீர் குடிக்கவே போதாது என்று கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டோம். சாப்பிடும்போதுதான் என் காலடியில் அந்தக் கல் கண்ணில் பட்டது. எலுமிச்சம்பழ அளவு, பழுப்பு நிறம். ஒரு பக்கம் தேய்ந்து, உள்ளே ஆட்டுக்கிடாவின் கொம்பு மாதிரி வரி வரியாகச் சுருண்ட ஒரு கடல் ஜீவனின் ஓடு தெரிந்தது. அம்மோனைட். படத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கையில் வந்தது அதுதான் முதல். கர்ச்சீப்பில் சுற்றிப் பையில் போட்டேன். குங்குமப் பொட்டலத்துக்குப் பக்கத்தில்.

வீட்டு வாசலில் அம்மா என்னை நிறுத்தினாள். எங்கள் ஸ்ரீரங்கம் ஃப்ளாட்டில் இது எப்போதும் நடப்பதுதான். வெளியே அலைந்துவிட்டு வந்தால் செருப்பு வாசலோடு சரி. நேராக பாத்ரூம், துணி பக்கெட்டில், தலைக்குத் தண்ணீர், அப்புறம்தான் கூடம். எத்தனை வக்கணை பேசியிருக்கிறேன் இதைப் பற்றி. அன்றைக்கும் பேசிவிட்டுத்தான் குளித்தேன்.

மறுநாள் சென்னைக்கு ரயில். ஆபீஸில் எல்லாரையும் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு மாதம் அங்கேயே ஓடிவிட்டது. நான் கிளம்பின மறுநாள் அக்கா பேறுகாலத்துக்கு வந்து சேர்ந்தாள். கல் எனக்கு மறந்தே போயிற்று.

திரும்பி வந்த சனிக்கிழமை அப்பா வாசலுக்கே வந்துவிட்டார். பொன்மலை ஒர்க் ஷாப்பில் இருந்து ரிடையர் ஆனதிலிருந்து அவர் முகத்தில் அத்தனை வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"குளிச்சுட்டு வந்து சேவிச்சுக்கோ. ஆத்துக்கு யார் வந்திருக்கார்னு பார்."

கோயிலாழ்வார் என்று நாங்கள் சொல்கிற பூஜை அலமாரியில், தாத்தா காலத்துச் சாளக்கிராமத்துக்குப் பக்கத்தில், சந்தனப் பொட்டும் துளசியுமாக என் கல் உட்கார்ந்திருந்தது.

"அப்பா, இது..."

"உன் பையைத் துவைக்கலாம்னு அம்மா கொட்டினா. சமயபுரம் குங்குமத்தோட சேர்ந்து இவர் விழுந்தார். தங்கை ஆத்துக்குப் போயிருந்த அண்ணா, நேரா நம்மாத்துக்கு வந்துட்டார்."

சமயபுரத்தாள் ரங்கநாதருக்குத் தங்கை. தைப்பூசத்தன்று கொள்ளிடக் கரையில் அண்ணன் தங்கைக்குச் சீர் கொடுப்பதை நாங்கள் எல்லாரும் பார்த்து வளர்ந்தவர்கள். அப்பாவின் கணக்கில் எல்லாம் சரியாகப் பொருந்தியிருந்தது.

"சாளக்கிராமம்னா கறுப்பா, மழமழன்னு இருக்கும்," என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "இது வெல்லக்கட்டி மாதிரி இருக்கு. நான் அன்னிக்கே சொன்னேன்."

"சக்கரத்தைப் பாருடின்னா கலரைப் பார்க்கறா."

"அப்பா, இது ஃபாசில். கடல்ல நத்தை மாதிரி இருந்த ஒண்ணு, மண்ணுல புதைஞ்சு கல்லாயிடுத்து."

"சாளக்கிராமமும் அதேதான்னு நீதானே ஒரு நாள் எனக்குப் பாடம் எடுத்தே?"

எடுத்திருந்தேன். பக்கத்து அறையிலிருந்து அக்கா, வயிறு முன்னால் வர, மெதுவாக நடந்து வந்தாள். அவள் வந்த வாரமே பெருமாளும் வந்துவிட்டார், இனிமேல் கவலையில்லை என்று அப்பா சொல்லச் சொல்ல, அவள் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டாள். தினமும் முதல் தீர்த்தம் அவளுக்குத்தான் என்றார் அப்பா. இருக்கட்டுமே, அழகான கல், அலமாரியில் இருந்தால் என்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

மத்தியானம் உறையூர்க்காரியிடமிருந்து போன்.

"நம்ம சுரங்க போட்டோவுக்குக் கீழ ஒருத்தர் கமெண்ட் போட்டிருக்காரு, பாத்தியா?"

"பாராட்டா, திட்டா?"

"ரெண்டும் இல்ல. பாஸ்பேட் கல்லுல யுரேனியம் கொஞ்சம் கலந்திருக்கலாமாம். அந்தத் தூசியக் கிளப்பாதீங்க, மூடிக் கெடக்கிற சுரங்கத்துக்குள்ள போகாதீங்க, கல்ல வீட்டுக்குக் கொண்டு போகாதீங்கன்னு போட்டிருக்காரு. நான் இப்பதான் தலைக்குக் குளிச்சிட்டு வரேன்."

"நாம போய்ட்டு வந்து ஒரு மாசம் ஆச்சுடி."

"தெரியும். மனசுக்குக் குளிச்சேன்."

நான் உட்கார்ந்து படித்தேன். படிக்கிற வேகம் எனக்கு எப்போதுமே அதிகம். அன்று அது சாபமாக இருந்தது. காற்றோட்டம் இல்லாத சுரங்கத்தில் ரேடான் என்ற வாயு தேங்கலாம். தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. அந்த இடத்தில் சாப்பிடக் கூடாது. செய்யாதே என்று சொன்ன அத்தனையையும் ஒரே மத்தியானத்தில் வரிசையாகச் செய்திருக்கிறேன். இருந்தாலும் என்னைப் பற்றிய பயம் நிமிஷ நேரம்கூட நிற்கவில்லை. துளசியும் ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் போட்ட நீர் அந்தக் கல்லின் மேல் வழிந்து வட்டிலில் விழுகிற காட்சிதான் திரும்பத் திரும்ப வந்தது. அங்கிருந்து அக்காவின் உள்ளங்கை. அங்கிருந்து மேலே யோசிக்க முடியவில்லை.

அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் கட்டிலில் சாய்ந்து குழந்தைச் சொக்காய்களை மடித்துக்கொண்டிருந்தாள். நான் பால்கனிக்குப் போய் அத்திம்பேருக்குப் போன் போட்டேன்.

அக்காவின் கணவர் துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் இருக்கிறார். பாய்லர் குழாய்களின் வெல்டிங்கில் ஓட்டை, விரிசல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே மாதிரி படம் எடுத்துப் பார்க்கிற வேலை. ஆர்.டி. என்பார்கள். படம் எடுக்கிற நேரத்தில் யாரும் கிட்ட வராமல் கயிறு கட்டி, சிவப்பு விளக்கு போட்டுவிடுவார்கள். திருச்சியில் அந்தப் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்குச் அந்த விளக்கையும் கயிற்றையும் கண்டால் தூர நிற்கத் தெரியும். கதிர்வீச்சை அளக்கிற மீட்டர் அவர் கையில் தினமும் புழங்குவது.

"அத்திம்பேர், உங்க மீட்டரை ஒரு கல்லு மேல காட்டிப் பார்க்க முடியுமா?"

"என்ன கல்லு?"

"பழைய பாஸ்பேட் சுரங்கத்துலேர்ந்து எடுத்துண்டு வந்தேன்."

"மீட்டரை வெளியே கொண்டு வரப்படாது. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ஷெட்ல ஆள் இருக்கமாட்டா, அதனால காலம்பற ஆர்.டி. வச்சிருக்கோம். முடிஞ்சதும் மேனேஜர்கிட்டக் கேட்டுண்டு பார்த்துத் தரேன். கல்லைக் கொண்டு வா. அதுவரைக்கும் யார் கையும் படாத இடத்துல வை."

எங்கள் வீட்டில் யார் கையும் படாத இடம் ஒன்றுதான். கல் ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. தீர்த்தத்தைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் குழந்தையைப் பற்றி அவரிடமே எப்படிச் சொல்வது?

ஞாயிறு காலை, அப்பா குளிக்கப் போயிருக்கும்போது கல்லை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று திட்டம். அலமாரிக் கதவைத் திறந்து கையை நீட்டினேன்.

"குளிச்சியா?"

அப்பா ஈரத் துண்டோடு பின்னால் நின்றிருந்தார். இதைத்தான் கேட்பார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொல்லிவிட்டேன். சுரங்கம், பாஸ்பேட், யுரேனியம், எல்லாம். சுருக்கமாகச் சொல்லலாம் என்று ஆரம்பித்து, வாய் நிற்காமல் புளியோதரை வரைக்கும் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். ஈரத்தோடேயே நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் என் கையாலன்னா குடுத்தேன், தினமும்," என்றார். அப்புறம், "போன தடவை ஆஸ்பத்திரி வாசல்ல..." என்று ஆரம்பித்து, அதை முடிக்காமல் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் வெள்ளிக் கிண்ணமும் பட்டுத் துணியும் இருந்தன.

"எதுக்குப்பா இதெல்லாம்?"

"பெருமாளோ, விஷமோ, எனக்குத் தெரியாது. ஒரு மாசம் சேவிச்சிருக்கேன். பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துண்டு வரமாட்டேன். கிளம்பு."

அம்மாவிடம் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று மட்டும் சொன்னோம். வெறுங்கையோடு போகாதீங்கோ என்று தட்டை டப்பாவைக் கொடுத்தாள். அக்கா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தீர்த்தம் இல்லை.

துவாக்குடியில் கம்பெனி ஷெட்டில் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. கயிற்றைச் சுருட்டி மாட்டியிருந்தார்கள். அத்திம்பேர் சட்டைப் பையில் பேட்ஜோடு வந்தார். வீட்டுக்கு வந்தால் சோபாவில் சாய்ந்து கிரிக்கெட் பார்க்கிற மனுஷர். இங்கே வேறு ஆளாக இருந்தார். மாமனாரையும், அவர் கையிலிருந்த பட்டுத் துணியையும், என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாமா எதுக்கு வந்திருக்கார்?"

"முதல்ல பாருங்கோ மாப்பிள்ளை," என்றார் அப்பா.

மீட்டரை ஆன் செய்ததும் அது தானாகவே 'பீப்' என்றது. அப்பா விறைத்தார்.

"சும்மா இருக்கும்போதும் அப்பப்போ கூவும் மாமா. ஆகாசத்துலேர்ந்து, மண்ணுலேர்ந்து எப்பவும் வந்துண்டேதான் இருக்கு. இங்கே கேட்டுக்கோங்கோ, இதான் சாதாரணம்."

கேட்டுக்கொண்டோம். ஒரு பீப். இடைவெளி. இன்னொன்று. பிறகு அவர் கிண்ணத்தை வாங்கி மேஜையில் வைத்து, துணியைப் பிரித்து, மீட்டரைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பீப். பீப். இடைவெளி சுருங்கியது. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அத்திம்பேர் மீட்டரோடு ஆபீஸ் வாசற்படிக்குப் போய்க் குனிந்தார். அங்கேயும் மீட்டர் கூவியது. கல்லிடம் கூவிய அளவு இல்லை, ஆனால் கிட்டத்தட்ட.

"அங்கே என்ன இருக்கு?" என்றார் அப்பா.

"வாசப்படி. கிரானைட்டு."

"அதுவுமா?"

"அதுவும்தான். அந்த ஜாதிக் கல்லு எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கும். மலைக்கோட்டைக்கு எடுத்துண்டு போனா அங்கேயும் கூவத்தான் கூவும்."

"உச்சிப் பிள்ளையார் அதுக்கு மேலன்னா உட்கார்ந்திருக்கார்?"

"உட்கார்ந்திருக்கார். நன்னாத்தான் இருக்கார். உங்க கல்லு வாசப்படியைவிடக் கொஞ்சம் கூடச் சத்தம் போடறது மாமா. அவ்வளவுதான். பக்கத்துல வச்சுண்டதால யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது."

அப்பாவின் கை என் தோளிலிருந்து இறங்கியது. ஆனால் முகம் இன்னும் இறுகியே இருந்தது. அத்திம்பேர் என் பக்கம் திரும்பினார்.

"உனக்குத்தான் பூஜை பாக்கி. கல்லு வெளியே உட்கார்ந்து கூவும், எழுந்து தள்ளிப் போயிடலாம். தூள் மூக்கு வழியா உள்ளே போய் உட்கார்ந்துண்டு கூவும், எங்கே போவே? தூசி இருந்துதா?"

"இருந்தது."

"கிளப்பினியா?"

"படத்துக்காக."

"சுரங்கத்துக்குள்ளே போனியா?"

"வாசல் வரைக்கும். கொஞ்சம் தாண்டி."

"அங்கே எதாவது சாப்பிட்டியா?"

"புளியோதரை."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "ஒரு தடவை போனதுக்கு உடம்புக்கு ஒண்ணும் வராது. வாராவாரம் போறவளா இருந்தா வேற பேச்சு. இடிஞ்சு விழறது, விஷக்காத்து, அதெல்லாம் தனி. வந்தப்புறம் அந்தத் துணியை என்ன பண்ணே?"

"அம்மா வாசல்லயே நிறுத்தி, பக்கெட்ல போடச் சொல்லி, தலைக்குக் குளிச்சப்புறம்தான் உள்ளே விட்டா."

"ரொம்ப சரி. ஆனா இதை மாமிகிட்ட சொல்லிடாதே. நாளைக்கே ஃபேமிலி குரூப்ல வந்துடும்."

நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை. நான் ஒண்ணு சொல்லணும். நான் இதுக்குத் திருமஞ்சனம் பண்ணிண்டிருந்தேன். ஒரு மாசமா. அந்தத் தீர்த்தத்தை அவளுக்கு..." பட்டுத் துணியின் நுனியை முறுக்கினார். "தினமும் முதல்ல அவளுக்குத்தான். குழந்தைக்கு நல்லதுன்னு."

ஷெட்டில் எங்கோ ஒரு தகரம் வெயிலில் டக்கென்று விரிந்தது. அத்திம்பேர் மீட்டரை மேஜையில் வைத்தார். கழுத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"மாமா, நானும் ஒண்ணு சொல்லணும். கோச்சுக்கப்படாது."

"சொல்லுங்கோ."

"அவளுக்குப் பச்சைக் கற்பூர வாசனை ஆகலை. மசக்கை வந்ததுலேர்ந்தே. கிட்டக் கொண்டு போனாலே குமட்டறது."

"தீர்த்தத்துல நான் அது போடறேனே?"

"போடறேள்."

"கையை நீட்டினாளே தினமும்?"

"நீட்டினா. வாங்கிண்டா. குடிக்கிற மாதிரி கையை வாய்கிட்டக் கொண்டு போயிண்டே பால்கனிக்குப் போயிடுவா. அங்கே கருவேப்பிலைத் தொட்டி இருக்கோன்னோ."

அப்பா அவரையே பார்த்தார்.

"அப்பா அவ்வளவு ஆசையாக் குடுக்கறார், எப்படிச் சொல்றதுன்னு தினமும் எனக்குப் போன் பண்ணி ஒரு பாட்டு அழுவா. பெருமாள் தீர்த்தத்தை இப்படிப் பண்றோமே, பாவம் வந்துடுமோன்னு."

"ஒரு சொட்டுகூடக் குடிக்கலையா?"

"ஒரு சொட்டுகூட."

"நிஜமா?"

"நிஜமா மாமா. அப்படியே குடிச்சிருந்தாலும், இந்தக் கல்லு தண்ணியில லேசில் கரையற ஜாதி இல்லை. எதுக்கும் இந்த வாரம் செக்கப்புக்குப் போறச்சே டாக்டர்கிட்டயும் சொல்லிக் கேட்டுடறேன்."

அப்பா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார், மீட்டர் கூவின அதே படியில். மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று நான் பக்கத்தில் போனேன். தோள் குலுங்கியது. துண்டை எடுத்தால் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீரோடு. பெற்ற பெண் தீர்த்தத்தைக் கொட்டிவிட்டாள் என்று கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்ட ஒருவரை ஸ்ரீரங்கத்தில் தேடினாலும் கிடைக்கமாட்டார். நானும் படியில் உட்கார்ந்தேன்.

"கிண்ணத்தையும் ஒரு தடவை காட்டிடுங்கோ மாப்பிள்ளை," என்றார் அப்பா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வெள்ளி. இதுக்கு எதாவது ஆச்சுன்னா உங்க மாமி என்னை ஆத்துக்குள்ளே விடமாட்டா."

கிண்ணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கல் ஒரு மூடி போட்ட டப்பாவுக்குள் போயிற்று. எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு தட்டையைச் சாப்பிட்டோம். திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் சீட்டில் அசந்து தூங்கினார். திருவெறும்பூர் போனது அவருக்குத் தெரியாது.

கல்லை வீட்டில் வைக்க வேண்டாம், வந்த இடத்திலேயே விட்டுவிடு என்று அத்திம்பேர் சொல்லியிருந்தார். அடுத்த சனிக்கிழமை உறையூர்க்காரி, மாஸ்க், அதன் மேல் துப்பட்டா, அதன் மேல் ஹெல்மெட் என்று வந்து நின்றாள். ஷெட்டுப் பக்கம் போகவில்லை. வெளி மேட்டின் ஓரத்தில் கல்லை வைத்தோம். அப்பா கொடுத்தனுப்பிய துளசியை மேலே போட்டேன்.

"சாமியக் கொண்டாந்து காட்டுல விடுறோமே, உங்கப்பாவுக்கு மனசு கஷ்டமா இல்லையா?"

"இத்தனை கோடி வருஷம் இங்கேதானே இருந்தார், ஒரு மாசம் ஸ்ரீரங்கம் பார்த்துட்டுப் போறார்னு சொல்லிட்டார்."

"உங்கப்பா உன்னைவிடத் தெளிவுடி," என்றாள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

எனக்கு அந்தச் சனிக்கிழமையைவிட, அதற்கு முந்தின திங்கட்கிழமைக் காலைதான் நன்றாக நினைவிருக்கிறது. முந்தின நாள் ராத்திரியே, டாக்டரைக் கேட்கும்வரை காத்திராமல், அத்திம்பேர் போனிலும் நான் பக்கத்தில் உட்கார்ந்துமாக அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம், ஒன்றைத் தவிர: அப்பாவுக்குக் கருவேப்பிலைத் தொட்டி விஷயம் தெரியும் என்பதை.

அப்பா திருமஞ்சனம் முடித்தார். அலமாரியில் தாத்தாவின் சாளக்கிராமம் மட்டும், பழையபடி கறுப்பாக, மழமழவென்று. அக்கா வந்து, ஒரு கை வயிற்றின் மேல், ஒரு கையை நீட்டினாள். முகத்தில் அதே பக்தி. எத்தனை பழகிய முகம் அது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்பா தீர்த்தத்தை ஊற்றினார். அக்கா பால்கனிப் பக்கம் திரும்பினாள்.

"இங்கேயே குடி. இன்னிக்குத் துளசி மட்டும்தான். பச்சைக் கற்பூரம் போடலை."

அக்கா நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"கருவேப்பிலைக்கு வேணும்னா நான் தனியா விட்டுக்கறேன்," என்றார் அப்பா.

அவள் கழுத்து வரைக்கும் சிவந்துபோனாள். உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். குடித்தாள். குடித்துவிட்டு, கையைத் தலையில் துடைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. "உதைக்கறதுப்பா, இதோ, இங்கே," என்று அப்பாவின் கையை இழுத்து வைத்துக் காட்டினாள். அப்பா அசையாமல் நின்றார், தீர்த்த வட்டிலை இன்னொரு கையில் பிடித்தபடி, மீட்டர் சத்தத்துக்குக் காது கொடுத்த அதே முகத்தோடு.

"என்னது, கருவேப்பிலைக்கு என்ன?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள். "ஒரு மாசமா எப்படித் தளதளன்னு வந்திருக்கு பார்த்தேளா? தினமும் சாத்தமுதுக்கு அதைத்தான் கிள்ளிப் போடறேன்."

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று மத்தியானம் அப்பா ரசத்திலிருந்த கருவேப்பிலையை ஒவ்வொன்றாக எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். அக்கா அவரைப் பார்த்துவிட்டு, தன்னுடையதை வாயில் போட்டு மென்று தின்றாள்.